மூன்றாவது முளை

நடப்பது உடம்புக்கு நல்லது. எந்த டாக்டரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார். எங்கள் வீட்டிலிருந்து ஆற்றின் அக்கரையில் இருக்கும் ஆபீசுக்கு நடைபாலம் வழியாகப் போனால் ஆறே நிமிடம். நான் மூன்று வருடமாக ரோட்டுப் பாலம் வழியாகச் சுற்றி, நாற்பது நிமிடம் நடந்துதான் போய்வந்தேன். சர்க்கரை கிடையாது, ரத்தக் கொதிப்பு கிடையாது. இந்த வயதில் அது சின்ன விஷயமில்லை.

நீங்கள் தாளும் பேனாவும் கொடுத்து, "நடந்ததை ஒண்ணு விடாம எழுதுங்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறீர்கள். எழுதுகிறேன் ஐயா. என் மனைவி உங்களிடம் ஒப்படைத்த நோட்டில் எல்லாமே இருக்கிறது. ஆனால் அது நான் எனக்காக எழுதிக்கொண்டது. தேதியும் எண்ணும்தான் இருக்கும். தெரியாதவர்கள் படித்தால் ஒன்று கிடக்க ஒன்று புரிந்துகொள்வார்கள். போதாக்குறைக்கு நாற்பத்தேழாம் பக்கத்தில் ஒரு கூட்டல் பிழை வேறு இருக்கிறது. அதைத் திருத்தாமல் கோர்ட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள்.

முதலில் என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பொருளை உடைக்காமல், அறுக்காமல், அதற்குள் குறை ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது. அதற்கு ப்ரோப் என்று ஒரு கருவி உண்டு. தீப்பெட்டி அளவுதான் இருக்கும். உள்ளே மெல்லிய படிகத் தகடு ஒன்று. மின்சாரம் கொடுத்தால் அது மனிதக் காதுக்கு எட்டாத ஒலியை இரும்புக்குள் அனுப்பும். ஒலி மறுமுனை வரை போய் மோதித் திரும்பி வரும், திரையில் ஒரு கோடு எழும்பும். வழியில் வெடிப்பு இருந்தால் ஒலி அதில் மோதிக் கொஞ்சம் முன்னாலேயே திரும்பிவிடும், இன்னொரு கோடு எழும்பும். கிணற்றில் கல்லைப் போட்டு ஆழம் பார்ப்பது போலத்தான்.

ஆனால் நல்ல ப்ரோப் செய்வது லேசுப்பட்ட காரியமில்லை. ஒலியைக் கூர்மையாக்கினால் சின்ன வெடிப்பும் தெரியும், ஆனால் ஆழம் போகாது. ஆழம் போக வைத்தால் சின்னது தப்பித்துவிடும். படிகத்துக்குப் பின்னால் பூசுகிற பிசின் சரியில்லை என்றால், அடித்த மணி ஓயாமல் அதிர்கிற மாதிரி ஒலி இழுத்துக்கொண்டே போய் வெடிப்பை மூடி மறைத்துவிடும். அந்தப் பிசினில் எந்த உலோகப் பொடியை எவ்வளவு கலப்பது என்பதிலேயே என் வாழ்க்கையில் நாலு வருடம் போயிருக்கிறது. என் மனைவியின் மாவுச் சல்லடையும் போயிருக்கிறது. அவள் இன்றுவரை அந்தச் சல்லடையைப் பற்றித்தான் பேசுகிறாள்.

எங்கள் தலைமை ஆய்வாளருக்கு ஆபீசில் சுத்தியல் என்று பெயர். வேறு பெயர் அவருக்கு இருந்தது, யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அவர் எதையும் ஒரு சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்வார். இரும்பைத் தட்டுவார், சுவரைத் தட்டுவார், டீக் கிளாசைத் தட்டுவார். டாக்டர் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னபோது தன் முழங்காலையே தட்டிப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல, நல்லா இருக்கு" என்று எழுந்து வந்தவர் அவர்.

"இரும்பு பேசும்யா. கேக்கத்தான் காது வேணும். உன் டப்பா எதுக்கு?" என்பார் என்னைப் பார்த்து.

ப்ரோப்புகள் செய்துகொண்டே இருந்தேன்.

நாலாவது ப்ரோப் முடிந்த சமயம், ஓர் அச்சகத்து எந்திரத்தின் உருளைத் தண்டைச் சோதித்தேன். நாற்பது மில்லிமீட்டர் ஆழத்தில் ஒரு மில்லிமீட்டர் வெடிப்பு இருக்கிறது என்று எழுதினேன். சுத்தியல் தட்டிப் பார்த்தார். கணீரென்றது. எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கருவி சொல்கிறது, ஆள் மறுக்கிறார் என்றால் அந்த இடத்தை அறுத்துப் பார்க்க வேண்டும். உடைக்காமல் சோதிக்கிறோம் என்று நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்டு திரிகிற நாங்கள், அதை நிரூபிக்க மட்டும் உடைத்துத்தான் ஆக வேண்டும். அறுத்தார்கள். இரண்டு பக்கமும் கண்ணாடி மாதிரி இருந்தது. வெடிப்பைக் காணோம். பிழைப்புக்கு இருந்த தண்டு போனதென்று அச்சகக்காரர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். ஆபீஸ் மொத்தமும் என்னைப் பார்த்துச் சிரித்தது.

விஷயம் என்னவென்றால், ரம்பத்தின் தடிமன் மூன்று மில்லிமீட்டர். என் வெடிப்பு ஒரு மில்லிமீட்டர். ரம்பம் சரியாக அதன் மேலேயே இறங்கியிருக்கிறது. வெடிப்பு தூளாகிக் கீழே கொட்டியிருக்கிறது. அதை யாரோ பெருக்கித் தள்ளிவிட்டார்கள். இதை எத்தனையோ முறை விளக்கிச் சொன்னேன். குப்பைத் தொட்டியில் தேடி அந்தத் தூளை ஒரு பாட்டிலில் சேகரித்தும் காட்டினேன். பாட்டிலைக் கொண்டுபோய்க் காட்டியது தப்பு என்று இப்போது படுகிறது. சிரிப்பு அதிகமானதுதான் மிச்சம். அறுத்த வில்லையைச் சுத்தியல் தன் மேசையில் காகிதம் பறக்காமலிருக்க வைத்துக்கொண்டார். எந்தக் கூட்டத்தில் உட்கார்ந்தாலும் அது என்னையே பார்த்துக்கொண்டிருக்கும். அன்று முடிவு செய்தேன், இனி எதையும் அறுக்க விடுவதில்லை என்று.

இனி நடைபாலம். நீங்கள் பார்த்திருக்கிறீர்கள், இருந்தாலும் சொல்கிறேன். இரண்டு கரையிலும் தூண்கள். நடுவில் உள்ள இரும்புத் தளம் நாலு மூலைகளிலும் நாலு முளைகளில் தொங்குகிறது. ஒவ்வொரு முளையும் முழங்கை நீளம், மணிக்கட்டுப் பருமன், உருண்டையான எஃகு. ஒன்றும் இரண்டும் ஆபீஸ் கரையில், மூன்றும் நாலும் எங்கள் வீட்டுக் கரையில். மாதம் ஒரு முறை நாலையும் சோதித்துப் படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுவது என் பொறுப்பு.

மூன்று வருடத்துக்கு முன், ஐந்தாவது ப்ரோப்பை முடித்த கையோடு முளைகளைச் சோதிக்கப் போனேன். மூன்றாவது முளையில், தளம் உரசுகிற இடத்தில், இரண்டு மில்லிமீட்டர் வெடிப்பு. கோடு அவ்வளவு சுத்தமாக எழும்பியது. பழைய ப்ரோப் ஒன்றை வைத்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. உலகத்திலேயே அதைப் பார்க்கக்கூடிய கருவி என் கையில் மட்டும்தான் இருந்தது. ஏணியில் நின்றபடியே எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. நான் லேசில் அழுகிறவன் இல்லை.

ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். சொல்லியிருக்கலாம்தான். சொன்னால் என்ன நடக்கும்? சுத்தியல் வந்து தட்டிப் பார்ப்பார். கணீரென்று இருக்கிறது என்பார். பிறகு, அறுத்துப் பார்க்கலாம் என்பார். முளையைக் கழற்றிப் புதுசு போட்டுவிட்டுப் பழையதை ரம்பத்தில் வைப்பார்கள். வெடிப்பு இரண்டு மில்லிமீட்டர், ரம்பம் மூன்று மில்லிமீட்டர். மிச்சக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். அவர் மேசைக்கு இரண்டாவது வில்லை கிடைத்திருக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. ப்ரோப் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க எங்களிடம் ஒரு மாதிரிக் கட்டை உண்டு. அதில் நாங்களே போட்ட ஓட்டைகள் இருக்கும். நாமே ஒளித்து வைத்ததை நாமே கண்டுபிடித்து, நாமே கைதட்டிக்கொள்கிற வேலை அது. நிஜமான வெடிப்பு அப்படி இல்லை. அது வளைந்து நெளிந்து, இரண்டு உதடுகளையும் இறுக மூடிக்கொண்டு இருக்கும். அப்படி ஒன்று, தானாகப் பிறந்தது, தானாக வளர்வது, வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் கிடைத்தால் எந்த ஆராய்ச்சியாளன் விடுவான். ஒவ்வொரு புதுப் ப்ரோப்பையும் அதில் வைத்துப் பார்க்கலாம். உலகத்தில் எத்தனை பாலங்கள், எத்தனை ரயில் அச்சுகள், கொதிகலன்கள். அதையெல்லாம் நம்பி எத்தனை லட்சம் பேர். அவர்களுக்காக ஒரே ஒரு வெடிப்பைக் கொஞ்ச நாள் விட்டுவைப்பது தப்பா? நீங்களும் குடும்பஸ்தர், யோசித்துப் பாருங்கள்.

ஆபத்தைப் பற்றி நான் யோசிக்காமல் இல்லை. அந்தப் பாலத்தில் ஏதாவது ஒரு முளை போனாலும் மற்ற மூன்றும் தாங்கும்படிதான் கட்டியிருக்கிறார்கள். மூன்றாவது முறிந்தால் தளம் ஒரு பக்கம் கொஞ்சம் சாயும், அவ்வளவுதான். மற்ற மூன்றும் நன்றாக இருந்தன. ஆகவே படிவத்தில் நாலுக்கும் நேராக 'குறையில்லை' என்று எழுதினேன். அதே வாரத்தில்தான் நடைப்பயிற்சியையும் ஆரம்பித்தேன். இரண்டுக்கும் சம்பந்தமில்லை.

சனிக்கிழமை தவறாமல் ஒரு மணி நேரம் மூன்றாவது முளையோடு இருப்பேன். மூடியைக் கழற்றி, முகத்தைத் துடைத்து, கிரீஸ் தடவி, ப்ரோப்பை வைத்து, வெடிப்பை அளந்து நோட்டில் குறிப்பேன். என் மனைவி அந்த முளைக்குச் சக்களத்தி என்று பெயர் வைத்துவிட்டாள். அவள் அக்கரையில் ஒரு தையல் கடை வைத்திருக்கிறாள். தினமும் போகவர இரண்டு முறை பாலத்தைக் கடப்பாள்.

"சக்களத்தியைப் பாக்கக் கிளம்பியாச்சா? எனக்கு ஜுரம்னா நெத்தியைத் தொட்டுப் பாக்க நேரமில்ல. அவளுக்கு வாரா வாரம் வைத்தியமா?"

"அது என் வேலை."

"நாலு இருக்குன்னு சொன்னீங்க. மத்த மூணையும் யாரு பாக்குறா?"

"அதுங்க சமத்து. அதுங்களைப் பத்திக் கவலையே இல்ல."

"சமத்தா இருக்குறதைத்தாங்க ஒரு பயலும் திரும்பிப் பாக்குறதில்ல," என்றாள். அது தன்னைப் பற்றிச் சொன்னது என்றுதான் அப்போது எடுத்துக்கொண்டேன்.

ஒரே ஒரு தடவை அவள் நேராகக் கேட்டாள். கையில் டிபன் டப்பாவோடு வாசலில் நின்று, "ஏங்க, பாலம் நல்லாத்தானே இருக்கு? நீங்க ஏன் அதுல வர்றதே இல்ல?" என்றாள். நடைப்பயிற்சியைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துவிட்டு, கூட நடக்கட்டுமா என்று கேட்டாள். தையல் எந்திரத்தை நாள் முழுக்க மிதிக்கிறவளுக்கு நடைப்பயிற்சி எதற்கு, கால் தேயும் என்றேன். அவள் பாலத்தின் வழியாகப் போனாள். என் அக்கறை அவளுக்குப் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன்.

வெடிப்பு தானாக வளராது ஐயா. பாரம் ஏறி இறங்க வேண்டும். முதல் வருடம் முழுக்க ஒன்றரை மில்லிமீட்டர்தான் வளர்ந்தது. பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லையே என்று தவிக்கிற தாயின் நிலைமை எனக்கு அப்போது புரிந்தது. இந்த வேகத்தில் போனால் நான் ஓய்வு பெற்ற பிறகுதான் அது பெரிதாகும். ஆகவே சின்னச் சின்ன ஏற்பாடுகள் செய்தேன்.

பாலத்தின் இரண்டு ஓரத்திலும் இருபது சிமெண்டுப் பூந்தொட்டிகள் வைத்தேன். நானே கைக்காசு போட்டு வாங்கியவை. குடியிருப்போர் சங்கம் எனக்கு நன்றிக் கடிதம் எழுதியது. நடுவில் இரண்டு கல் பெஞ்சு போட்டேன், வயதானவர்கள் உட்கார. அக்கம்பக்கத்தில் இருந்த ஓய்வு பெற்றவர்களைச் சேர்த்து ஒரு காலைநடைக் குழு தொடங்கிக் கொடுத்தேன். கைவீசி, ஒரே தாளத்தில், பாலத்தின் மேல் பத்துச் சுற்று. விசில் ஊதிக் காலடியை ஒன்றுசேர்க்க ஒருவரை நியமித்தேன். நான் கரையில் நின்று கைதட்டுவேன். அந்தக் குழுவில் பலருக்கு மூட்டுவலி குறைந்தது. இதை யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இரண்டாம் வருட முடிவில் வெடிப்பு பதினொன்றைத் தொட்டது. என் ஒன்பதாவது ப்ரோப்பில் அதன் நுனிகூடத் தெரிந்தது.

அந்தச் சமயத்தில்தான் என் மச்சான் அக்கரைக்குக் குடிவந்தான். என் மனைவிக்குத் தம்பி. நூற்றுப் பதினெட்டுக் கிலோ. தங்கமான பையன். சரக்குக் கிடங்கில் மேற்பார்வை வேலை. ஆளும் பெரிசு, சிரிப்பும் பெரிசு, சாப்பாட்டைக் கண்டால் வெட்கப்படாத ரகம். அவனுக்கு அக்காவும் மாமாவும்தான் உலகம். வாரத்துக்கு நாலு நாள் எங்கள் வீட்டில்தான் அவனுக்குச் சாப்பாடு. இரண்டாவது தடவை பரிமாற வேண்டாம் என்று என் மனைவி ஜாடை காட்டுவாள், நான் பரிமாறுவேன். அவன் வந்த முதல் மாதத்தில் முக்கால் மில்லிமீட்டர் வளர்ந்தது. நோட்டில் முப்பத்தொன்றாம் பக்கத்தில் 'மச்சான் வரவு, நல்ல முன்னேற்றம்' என்று எழுதியிருப்பதற்கு இதுதான் அர்த்தம். அவனை எனக்கு உண்மையாகவே பிடிக்கும்.

ஒரு நாள் காலைநடைக் குழுவில் யாரோ, பாலம் லேசாக ஆடுகிற மாதிரி இருக்கிறதே என்று சொல்லியிருக்கிறார்கள். மச்சான் அவர்களை மடக்கிவிட்டான்.

"எங்க மாமா செக் பண்ற பாலம் சார் இது. கண்ணை மூடிக்கிட்டு நடக்கலாம்."

அதை அவன் என்னிடம் வந்து பெருமையாகச் சொன்னபோது எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. ஆபீசில் ஒருவரும் என் ப்ரோப்பைப் பற்றி அப்படிச் சொன்னதில்லை.

இனி எழுதப் போவது எனக்குச் சங்கடமான விஷயம். போன வருடக் கடைசியில் சுத்தியல் ஓய்வு பெறப் போகிறார் என்று ஆனது. கடைசியாக ஒரு முறை எல்லாவற்றையும் தட்டிப் பார்த்துவிடுகிறேன் என்று கிளம்பினார். ஆபீஸ் கரையில் ஏணி போட்டு, முதல் முளையைத் தட்டினார். இரண்டாவதைத் தட்டினார். நின்றார். மறுபடி தட்டினார்.

"இது சத்தம் சரியில்லையேப்பா. பொத்துன்னு கேக்குது."

"எது சார்?"

"ரெண்டாவது. உன் டப்பாவை வெச்சுப் பாரு."

"போன வாரம்தான் பாத்தேன் சார். சுத்தமா இருக்கு."

அவர் இன்னும் ஒரு முறை தட்டி, காதை இரும்பின் மேலேயே வைத்துக் கேட்டார். பிறகு ஏணியிலிருந்து இறங்கி என் தோளில் கை போட்டு, "எனக்குத்தான் காது போயிடுச்சு போல. வயசாச்சுல்ல. உன் கருவி சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றார். மூன்றையும் நாலையும் அவர் தட்டவே இல்லை. முப்பது வருட சர்வீசில் அவர் என் ப்ரோப்பை ஒப்புக்கொண்டது அந்த ஒரு தடவைதான். அன்று சாயங்காலம் எங்கள் வீட்டில் மச்சானுக்குப் பெரிய விருந்து வைத்தேன். என்ன விசேஷம் என்று அவன் கேட்டான். சும்மாதான் என்றேன்.

இந்த வருடம் என் பதினொன்றாவது ப்ரோப் தயாரானது. தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு குழு அதைப் பார்க்க வருவதாகக் கடிதம் வந்தது. அப்போது வெடிப்பு பத்தொன்பது புள்ளி நாலு. என் கணக்குப்படி இருபதைத் தொட்டால் முளை முறியும். முறிந்தால் அறுக்க வேண்டிய அவசியமே இல்லை. இரண்டாகப் பிளந்த முளையை அப்படியே மேசையில் வைத்து, மூன்று வருட நோட்டையும் பக்கத்தில் வைத்துவிடலாம். எந்த ரம்பமும் அதைத் தின்ன முடியாது. குழு வருவதற்குப் பத்து நாள்தான் இருந்தது. இன்னும் பூஜ்யம் புள்ளி ஆறு.

வீடு முழுக்க என் ப்ரோப்புகளும் நோட்டுகளும் இறைந்து கிடக்கின்றன என்று என் மனைவி புலம்பிக்கொண்டிருந்தாள். மச்சான் உடனே, தன்னிடம் இருக்கும் பெரிய இரும்பு பீரோவை மாமாவுக்குத் தந்துவிடுகிறேன் என்றான். மாமாவின் கண்டுபிடிப்புகள் எல்லாம் பத்திரமாக இருக்க வேண்டும் என்றான். அதை ரோட்டுப் பாலம் வழியாக வண்டியில் கொண்டுவரத்தான் அவன் ஏற்பாடு செய்திருந்தான். வண்டி குலுக்கலில் பீரோவில் கீறல் விழும், நாலு பேரை வைத்து நடைபாலம் வழியாகத் தூக்கிக்கொண்டு வந்துவிடு என்று நான்தான் சொன்னேன். இது உங்களுக்கு முக்கியமாகப் படும் என்று தெரியும். அதனால்தான் மறைக்காமல் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணி. எங்கள் கரைத் தூணில், மூன்றாவது முளைக்குப் பக்கத்தில், பாதுகாப்புக் கயிற்றை இடுப்பில் சுற்றி உட்கார்ந்திருந்தேன். கயிற்றின் மறுநுனியால் ப்ரோப்பை முளையோடு சேர்த்து இறுக்கிக் கட்டியிருந்தேன். பாரம் ஏறும்போது கை நடுங்கினாலும் ப்ரோப் நகரக் கூடாதல்லவா. என் மனைவி முன்னால் நடந்து, பூந்தொட்டியில் இடித்துவிடாமல் வழி சொல்லிக்கொண்டே வந்தாள். பின்னால் நாலு சுமைக்காரர்கள் பீரோவோடு. கடைசியில் மச்சான், பீரோ பின்பக்கம் சரியாமல் தாங்கிப் பிடித்தபடி. திரையில் கோடு உயர்ந்துகொண்டே போனது. பத்தொன்பது புள்ளி ஐந்து. இத்தனை அழகான கோட்டை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

நடுவில் வந்ததும் டமார் என்று ஒரு சத்தம். நான் முளையைப் பார்த்தேன். மூன்றாவது அப்படியே இருந்தது. சத்தம் வந்தது அக்கரையிலிருந்து. இரண்டாவது முளை முறிந்திருந்தது.

பாலம் விழவில்லை என்பதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். பத்திரிகைகளில் 'பாலம் விழுந்தது' என்று எழுதுகிறார்கள். அது தவறு. பாலம் சாய்ந்தது. நான் கணக்குப் போட்ட மாதிரியே, ஒரு முளை போக மற்ற மூன்றும் தாங்கி, ஒரு பக்கம் சாய்ந்தது. மேலே இருந்தவர்கள்தான் விழுந்தார்கள். ஆறு பேர், பீரோ, இரண்டு பெஞ்சு, பூந்தொட்டிகள் எல்லாம் ஆற்றுக்குள் போயின.

சாய்ந்த பாரமெல்லாம் மூன்றாவது முளைக்கு வந்தது. கோடு ஒரு துள்ளுத் துள்ளியது. பத்தொன்பது புள்ளி ஏழு. அதை எழுத எனக்கு அரை நிமிடம் ஆனது. என் மனைவி இரண்டு நிமிடம் என்று சொல்லியிருக்கிறாள். அவளிடம் கடிகாரம் இல்லை.

சுமைக்காரர்கள் நாலு பேரும் நீந்திவிட்டார்கள். என் மனைவி ஒரு தூண்கம்பியைப் பிடித்துக்கொண்டாள். என் மச்சானுக்கு நீச்சல் தெரியாது. தண்ணீர் அவனை என் தூண் பக்கமாகத்தான் அடித்துக்கொண்டு வந்தது. நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து நாலு முழம்கூட இருக்காது. அவன் என்னைப் பார்த்துவிட்டான். அவன் முகத்தில் பயமே இல்லை, மாமாவைப் பார்த்த நிம்மதிதான் இருந்தது.

"மாமா, கயிறு," என்றான்.

கயிற்றை அவிழ்த்தால் ப்ரோப் நகர்ந்துவிடும். நகர்ந்தால் மூன்று வருடம் காத்திருந்த அந்த அளவு போய்விடும். பாரம் இறங்குவதற்குள் அதே இடத்தில், அதே கோணத்தில் மறுபடி வைப்பது முடியாத காரியம். இதை அவனுக்கு விளக்க நேரமில்லை.

"ஒரு நிமிஷம் இரு மாப்ள," என்றேன்.

அவன் தலையை ஆட்டினான். நான் சொன்னால் அவன் எப்போதும் சரி என்றுதான் சொல்வான். நான் எண்ணை எழுதி, தேதியும் நேரமும் போட்டு, அடியில் கோடு இழுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது அங்கே தண்ணீர் மட்டும்தான் இருந்தது.

என் மனைவி கம்பியைப் பிடித்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். கரையேறியதும் அவள் அழவில்லை. ஈரப் புடவையோடு நேராக வந்து, என் மடியிலிருந்து நோட்டை எடுத்துக்கொண்டு, ரோட்டுப் பாலம் வழியாக, நாற்பது நிமிடம் சுற்றி நடந்து, உங்கள் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டாள். நேற்று ஒரே ஒரு தடவை என்னைப் பார்க்க வந்தபோது ஒன்றுதான் கேட்டாள்: "அவன் கேட்டப்ப, உங்களுக்குக் காது கேட்டுதா இல்லையா?" கேட்டது என்றேன். போய்விட்டாள். அவள் மனதில் என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. இத்தனை வருடத்தில் அவள் இப்படி இருந்ததே இல்லை. சமத்தாகத்தான் இருப்பாள்.

நீங்கள் ஒப்புதல் கேட்கிறீர்கள். ஒப்புக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. எழுதுவதற்கே கை வரமாட்டேன் என்கிறது. மூன்று வருடமாக நான் ஒன்றாவது, இரண்டாவது, நாலாவது முளைகளைச் சோதிக்கவில்லை. ஒரு மாதம்கூட. மூடியைக்கூடக் கழற்றவில்லை. சனிக்கிழமை ஒரு மணி நேரம் மூன்றாவதற்கே போதவில்லை. முந்தைய மாதப் படிவத்தைப் பார்த்து 'குறையில்லை' என்று அப்படியே எழுதிவிடுவேன். சுத்தியல் சொன்னது சரி. பொத்தென்றுதான் கேட்டிருக்கிறது. அவர் முன்னால் இதைப் படித்துக் காட்ட வேண்டாம் என்று உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். மற்ற தண்டனை எதுவானாலும் சரி.

ஆனால் என் ப்ரோப் எந்தத் தவறும் செய்யவில்லை. அதை வைத்த இடத்தில் அது சரியாகத்தான் பார்த்தது. நான் எதையும் உடைக்கவில்லை ஐயா. என் தொழிலே உடைக்காமல் பார்ப்பதுதான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். மூன்றாவது முளை இன்னும் முழுசாக இருக்கிறது. பூஜ்யம் புள்ளி மூன்றுதான் பாக்கி. அதை உங்கள் ஆட்கள் ஒரு கோணிப்பையில் போட்டு மூலையில் வைத்திருப்பதைப் பார்த்தேன். ஈரம் படாமல் எண்ணெய் தடவி வைக்கச் சொல்லுங்கள். யாரையும் அறுக்க விடாதீர்கள். புதுப் பாலம் கட்டும்போது மற்ற மூன்றையும் நல்லதாகப் பார்த்துப் போட்டுவிட்டு, இதை மட்டும் பழைய இடத்திலேயே மாட்டச் சொல்லுங்கள். மற்றவை நல்லதாக இருந்தால் ஒன்றும் ஆகாது, கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

திறப்பு நாளன்று என்னைக் கூப்பிட்டால் கட்டாயம் வருவேன். கொஞ்சம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், நான் சுற்றித்தான் வர வேண்டியிருக்கும்.